ரங்கூனில் இருக்கிறார்

அன்வரி பேகத்துக்கு ஆங்கிலத்தில் எல்லோரும் அடங்கினார்கள், புருஷன் ஒருவரைத் தவிர.

ஒரு நாய் ஓடினால் 'ரன்ஸ்', பல நாய்கள் ஓடினால் 'ரன்'. ஒருவருக்கு 'இஸ்', பலருக்கு 'ஆர்'. முதல் மாதத்திலேயே இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. பூனை, அண்ணன், லஸ் முனை டிராம், பள்ளிவாசல் மாடத்துப் புறாக்கள் என்று எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சரியாக எழுதினாள். "உங்க புருஷனைப் பத்தி ஒரு வாக்கியம் எழுதுங்கக்கா" என்றால் மட்டும் சிலேட்டில் இப்படி வந்து நிற்கும்: மை ஹஸ்பண்ட் ஆர் இன் ரங்கூன்.

"எத்தினி புருஷன்கா உங்களுக்கு?" என்று முதல் தடவை சொர்ணம் விழுந்து விழுந்து சிரித்தாள். பத்தாவது தடவை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சொர்ணம் சாந்தோம் குப்பத்துப் பெண். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, பக்கத்துச் சிறு பள்ளி ஒன்றில் டீச்சராக இருந்தாள். அன்வரியைவிட எட்டு வயது இளையவள். அவள் அம்மா தேசம்மா கூடை மீன் விற்பவள். கச்சேரி ரோடில் அன்வரியின் அண்ணன் இனாயத் வீட்டுக்கு வாடிக்கையாகச் சங்கரா கொண்டுவருவாள். அந்த மீன் வழியாக வந்த பழக்கத்தில்தான் புதனும் சனியும் பிற்பகல் நாலு மணிக்கு சொர்ணம் அன்வரிக்கு ஆங்கிலம் சொல்லித்தர வந்தாள்.

"அவங்களைப் போய் ஒருமையில சொல்றதா? கை வரமாட்டேங்குது டீச்சர்" என்றாள் அன்வரி.

"இங்கிலீஷ்ல மரியாதைக்கின்னு தனியா ஒண்ணும் கிடையாதுக்கா. லண்டன்ல கீற ராஜாவுக்கே 'இஸ்'தான்."

"நாய்க்கு?"

"நாய்க்கும் 'இஸ்'தான்."

அன்வரி சுண்ணாம்புக் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். இவ்வளவு பெரிய ராஜ்யத்தை ஆளுகிறவர்கள் ராஜாவுக்கும் நாய்க்கும் ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. அவள் வீட்டில் பாதி உருது, பாதி தமிழ். இரண்டிலும் கணவர் பன்மையில்தான் வருவார், பன்மையில்தான் போவார். நாமும் யோக்கியமில்லை, இந்தக் கதையில் இனாயத் வந்தார் என்றும் அன்வரி வந்தாள் என்றும்தான் எழுதப் போகிறோம். பழக்கம் லேசில் விடுமா?

அன்வரியின் கணவர் மெஹபூப் பாஷா ரங்கூனுக்குக் கப்பலேறியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில். மரக் கம்பெனி ஒன்றில் மேஸ்திரி வேலை. மூன்று வருஷம் ஒழுங்காகக் கடிதம் வந்தது. முப்பதாம் வருஷம் ரங்கூனில் கலவரம் என்று பத்திரிகையில் வந்தது. அதற்கப்புறம் கடிதம் இல்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கும் பதில் இல்லை. இப்போது முப்பத்துநாலு நடக்கிறது. இறந்தாரா, இருக்கிறாரா, இருந்தால் யாரோடு இருக்கிறார் என்று சொல்ல ஆள் இல்லை.

ஆனால் இனாயத் அதை ஒப்புக்கொள்கிற ரகம் இல்லை. மெஹபூப் பாஷா அவருடைய பால்ய சிநேகிதர். தங்கைக்கு அவரைத் தேடிப் பிடித்துக் கட்டிவைத்தவரே இனாயத்தான். மனைவி தவறிப் போன பிறகு தங்கையும் பைண்டிங் கடையும்தான் அவருக்கு உலகம். வீட்டின் முன்னறைதான் கடை. மயிலாப்பூர் வக்கீல்களின் சட்டப் புத்தகங்கள் முக்கால்வாசி அங்கேதான் தோல் முதுகு போட்டுக்கொண்டன. புத்தகம் வாங்க வருகிறவர்கள் பேச்சுவாக்கில், "மச்சான் எப்படி இருக்காரு?" என்று கேட்பார்கள். "ரங்கூன்ல கீறாங்க. வர்ற ஈதுக்கு வந்துடுவாங்க" என்பார் இனாயத். ஈது வரும், போகும். கேட்கிறவர்கள் மெல்லக் குறைந்து, கடைசியில் யாருமே கேட்காமல் போனார்கள். இனாயத் மட்டும், யாரும் கேட்காவிட்டாலும், தானாகவே ஒரு தரம் சொல்லிக்கொள்வார்.

அன்வரியும் அப்படித்தான் சொன்னாள். உள்ளறையில் உட்கார்ந்து அண்ணனுக்காக அச்சுத்தாள்களை மடித்துத் தைப்பது அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாக அவள் கைவழியே போன ஆங்கில எழுத்துக்குக் கணக்கில்லை. ஒரு வரி தெரியாது. அந்த வருஷம் ராயப்பேட்டையில் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறார்கள், சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லித்தர ஓர் உஸ்தானி வேண்டும், ஆங்கிலமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்று சேதி வந்தபோது, அந்த வேலை தனக்கு வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது என்றால் சும்மா இல்லை. சோறு இறங்காத அளவுக்குத் தோன்றியது. முப்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. இனாயத்தும் முழு மனதோடு சரி என்றார்.

பரீட்சை வைக்க இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருவார். எழுத்துத் தேர்வு ஒன்று, வாய்மொழி ஒன்று. இவை போக கமிட்டியின் மனுப் படிவத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மனுதாரர் மணமானவரென்றால் கணவரின் சம்மதக் கடிதம் வேண்டும். விதவையென்றால் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியின் சான்று வேண்டும்.

"அதை நான் பாத்துக்கறேன்" என்றார் இனாயத். எப்படி என்று அன்வரி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அந்த வீட்டில் இருவருக்குமே நல்ல தேர்ச்சி இருந்தது.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சொர்ணம் 'என் குடும்பம்' என்று எழுதச் சொன்னாள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாக்கள் எல்லோரும் இதைத்தான் கேட்பார்களாம். எழுதுவதற்கு முன்னால் வாயால் சொல்லிப் பார்த்தார்கள்.

"எங்கம்மா மீன் விக்கும். இதை இங்கிலீஷ்ல சொல்லுங்கக்கா."

"மை மதர் செல்ஸ் ஃபிஷ்" என்றாள் அன்வரி. சொல்லிவிட்டு யோசித்தாள். "இன்னா டீச்சர், அம்மாவைப் போய் 'விக்கும்'ன்றே? மாடு கன்னு மாதிரி?"

"எங்க பக்கம் அப்படித்தான். அம்மா வந்துச்சு, அம்மா போச்சு. நீங்க மட்டும் இன்னா, உங்க அம்மாவை 'அம்மா சொல்லும்'னுதானே சொல்வீங்க?"

அன்வரி யோசித்துப் பார்த்தாள். ஆமாம், உம்மாவைப் பற்றித் தமிழில் பேசினால் அவளும் அப்படித்தான் சொல்வாள். பெற்றவள் 'வந்துச்சு', கட்டினவர் 'வந்தாங்க'. ஆங்கிலத்திலோ அம்மாவுக்கும் கணவருக்கும் பூனைக்கும் வினைச்சொல்லின் வாலில் அதே ஒரு 'ஸ்'தான். முதலில் அவமரியாதையாகத் தெரிந்த அந்த 'ஸ்', அன்றைக்கு அவளுக்கு வேறு மாதிரி தெரிந்தது. உம்மா உயிரோடிருந்து கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படியெல்லாம் நினைத்தும், கட்டுரையில் அண்ணன் 'இஸ்', உம்மா 'வாஸ்', பூனை 'இஸ்' என்று ஒழுங்காக வந்து, கடைசி வரியில் மெஹபூப் பாஷா 'ஆர் இன் ரங்கூன்' என்றே வந்தது. சொர்ணம் சிலேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? அவரு ரங்கூன்லதான் கீறாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாலு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அன்வரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"இது பாடத்துல கீதா?"

"இல்லைக்கா. எங்கப்பா கட்டுமரத்துல போய் வரல. ஒடம்பும் கெடைக்கல. எங்கம்மா நாப்பது நாளு கரையில போய்ப் பாத்துச்சு. அப்பால கூடையைத் தூக்கிக்கினு கெளம்பிச்சு. அதான் கேட்டேன்."

"உங்க வீட்டுக் கதை வேற, எங்க வீட்டுக் கதை வேற" என்றாள் அன்வரி. "அவங்க வந்துடுவாங்க. நீ இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க வந்தியா, இதை விசாரிக்க வந்தியா?"

சொர்ணம் குடையை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த புதன் வரவில்லை. சனியும் வரவில்லை. தேசம்மா வழக்கம்போல மீன் கொண்டுவந்து, விலை மட்டும் பேசிவிட்டுப் போனாள்.

டீச்சர் வராவிட்டாலும் பரீட்சை வரத்தானே செய்யும். அன்வரி தானே உட்கார்ந்து பயிற்சி செய்தாள். மரத்துப் போகிற வரைக்கும் எழுதினால் கூச்சம் விட்டுவிடும் என்று நினைத்து, பைண்டிங்கில் வெட்டிப் போட்ட காகிதத் துண்டு ஒன்றில் 'ஹி இஸ் இன் ரங்கூன்' என்று எழுத ஆரம்பித்தாள். முதல் வரியில் 'ஆர்' என்று எழுதி அடித்துத் திருத்தினாள். நாலாவது வரியில் கை தானாக 'இஸ்' போட்டது. ஏழாவது வரியில் 'இஸ்' வெறும் 'இஸ்' ஆகிவிட்டது. அதன் மேல் தடுக்காமல் கண் அடுத்த வார்த்தைக்குப் போனது. இன் ரங்கூன்.

இத்தனை மாதமாக 'இஸ்' போடுவதா 'ஆர்' போடுவதா என்று மல்லுக்கட்டியதில், அந்த வாக்கியத்தின் மிச்சத்தை அவள் படிக்கவே இல்லை. இப்போது இலக்கணம் சரியாக இருந்தது. சொர்ணம் பார்த்தால் சரி போட்டுவிடுவாள். சொல்லப்பட்ட சமாசாரம் சரியா? இந்த நிமிஷம் அவர் ரங்கூனில் இருக்கிறார் என்று தன்னால் சத்தியம் பண்ண முடியுமா? முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. 'அவங்க ரங்கூன்ல கீறாங்க' என்று தமிழில் சொல்லும்போதெல்லாம் அந்த 'ங்க'வில் ஒரு தெம்பு இருந்தது. சொல்லி முடித்ததும் ஏதோ கடமையைச் செய்த திருப்தி வந்துவிடும், மேலே யோசிக்கத் தோன்றாது. பத்து வரி எழுத நினைத்தவள் ஏழோடு நிறுத்தினாள். காகிதத்தின் மேல் கவிழ்ந்து நெடுநேரம் அழுதாள். நாலு வருஷமாக அழ வேண்டிய அழுகை அது.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் இனாயத் ஓர் உறையைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார். உள்ளே உருதுவில் ஒரு கடிதம். 'என் மனைவி அன்வரி பேகம் பள்ளியில் வேலை பார்ப்பதில் எனக்கு முழு சம்மதம். இப்படிக்கு, மெஹபூப் பாஷா, ரங்கூன்.' கையெழுத்து அசல் மெஹபூப் பாஷாவினுடையது மாதிரியே இருந்தது. ஆனால் 'சம்மதம்' என்ற வார்த்தையின் கடைசிச் சுழிப்பு இனாயத்துடையது. தோல் முதுகில் பொன்னெழுத்து பதிக்கும்போது அவர் கை அப்படித்தான் சுழிக்கும்.

"எப்ப வந்துச்சு பாய்ஜான்?"

இனாயத் ஜன்னல் பக்கம் பார்த்தார். "யாரு ரங்கூனுக்குப் போய்க் கேக்கப் போறாங்க? ஒரு காகிதம்தானே. மச்சான் இங்க இருந்தா சம்மதம்னு சொல்ல மாட்டாங்களா?"

சொல்வாரோ, மாட்டாரோ. அன்வரிக்கு அதுவும் தெரியவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. தனக்காகப் பொய்க் கையெழுத்துப் போடுகிற மனிதரை என்ன சொல்லிக் கடிந்துகொள்வது? உறையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் புதன். நாலு மணிக்கு சொர்ணம் வந்து, ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்தாள்.

"கோவமா டீச்சர்?"

"நான் கேட்டது தப்புக்கா."

"தப்பில்ல" என்றாள் அன்வரி. இருட்டும்வரை கடந்த கால வினைகளைச் சொல்லிப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை காலை திரை கட்டிய ஜட்காவில் அண்ணனும் தங்கையும் ராயப்பேட்டை போனார்கள். பள்ளிக்கூடமாகப் போகிற வீட்டில் சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. கூடத்தின் நடுவே கெட்டியான பச்சைத் திரை ஒன்று. இந்தப் பக்கம் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவும் அன்வரியும். அந்தப் பக்கம் கமிட்டிச் செயலாளர் அப்துல் வஹீத் சாயபுவும் இனாயத்தும். திரைக்கு ஆளை மறைக்கத் தெரியும். குரலை மறைக்கத் தெரியாது.

எழுத்துத் தேர்வு சுலபமாகப் போயிற்று. பெட்டியில் பழங்கள் இருக்கின்றன, பழம் ஒன்று அழுகியிருக்கிறது என்பதுபோலப் பத்து வாக்கியங்கள். வெள்ளைக்கார அம்மா அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார்; ஒரு தப்புகூட இல்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாய்மொழியாகக் கேட்க ஆரம்பித்தார். பெயர் என்ன, வீட்டில் யார் யார், அண்ணன் என்ன செய்கிறார். அன்வரி திணறாமல் சொன்னாள். மை பிரதர் பைண்ட்ஸ் புக்ஸ்.

"உன் கணவர் எங்கே இருக்கிறார்?"

இந்தக் கேள்விக்கான விடையை அவள் ஏழு தடவை எழுதிப் பார்த்திருக்கிறாள். மூன்று நொடியில் சொல்லிவிடலாம். சொன்னால் திரைக்கு அந்தப் பக்கம் உறை நீளும், வேலை கிடைக்கும். வேலை அவளுக்கு வேண்டும். அன்று காலை எழுந்ததிலிருந்து அவள் செய்த துஆ அதற்குத்தான். ஆனால் சேர்ந்தால் நாளைக்கு முப்பது குழந்தைகளை உட்கார வைத்து, நிஜத்தைச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்றும் தோன்றியது.

"ஐ டூ நாட் நோ, மேடம்" என்றாள்.

கேள்வி புரியவில்லையோ என்று நினைத்து இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா மெதுவாக மறுபடி கேட்டார். அன்வரி மெதுவாகவே மறுபடி சொன்னாள். ரங்கூன் போனார், நாலு வருஷமாகக் கடிதம் இல்லை, உயிரோடு இருக்கிறாரா என்பதும் எனக்குத் தெரியாது. எந்த பாஷையிலும் அவள் அதுவரை யாரிடமும் சொல்லாத வார்த்தைகள். சொல்லி முடித்ததும் இறுக்கிக் கட்டின முடிச்சை அவிழ்த்ததுபோல மூச்சு தாராளமாக வந்தது.

திரைக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. "இனாயத் பாய், இன்னா இது? சம்மதக் கடிதம் கொண்டாந்திருக்கேன்னீங்களே?" என்றது அப்துல் வஹீத் சாயபுவின் குரல்.

அன்வரி கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் உறையை எடுத்து நீட்டினால் அவள் பொய்க்காரி ஆவாள். நீட்டாவிட்டால் அவர் ஆவார். ஜிப்பாப் பையில் காகிதம் சரசரக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது.

"கடிதம் இல்லீங்க" என்றார் இனாயத். "தங்கச்சி சொன்னதுதான். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"படிவத்துல ரெண்டு கட்டம்தான் கீது. மணமானவர், விதவை. இதை நான் எதுல எழுதறது?" என்று செயலாளர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவுக்கு அன்வரி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மா படிவத்தை வாங்கி, இரண்டு கட்டத்துக்கும் கீழே பேனாவால் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, அதில் இரண்டு வரி எழுதித் திரையின் அடியால் தள்ளினார். 'கணவர் இருக்குமிடம் தெரியவில்லை. மனுதாரர் ஆங்கிலத்தில் தேறினார்' என்று இருந்தது. பொறுப்புக்கு அண்ணன் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அப்துல் வஹீத் சாயபு கடைசியில் சொன்னார். இனாயத் தன் பெயரைத் தன் எழுத்திலேயே போட்டார். பள்ளி திறக்கிற திங்கட்கிழமை அன்வரி வேலைக்கு வரலாம் என்று ஆயிற்று.

திரும்பி வரும்போது இனாயத் வண்டிக்காரர் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்துகொண்டார். லஸ் முனை தாண்டியதும், திரும்பாமலே பேசினார்.

"நான்தான் கட்டி வெச்சேன். நாளைக்கு ஜும்மாவுக்குப் போனா ஊரே கேக்கும். இன்னான்னு சொல்வேன்?"

அன்வரி திரையை லேசாக விலக்கி அண்ணனின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

"யாரும் கேக்க மாட்டாங்க பாய்ஜான். இப்பல்லாம் யாராச்சும் கேக்கறாங்களா? ஊருக்கு எப்பவோ தெரியும். தெரியாத மாதிரி இருந்தது நாம ரெண்டு பேருதான்."